நேற்றுத் தின்ற சோறு

மார்ச் 3, செவ்வாய்

வருஷத்தின் எண் எனக்கு நிற்காது. பெரிய பாலம் பாதியோடு நின்றது, கிழக்குச் சந்தை ஒரே மத்தியானத்தில் எரிந்து கரியானது, நூல் ஆலையின் சங்கு கடைசியாக ஊதியது. அந்த வருஷம் இது. என் மனைவி செத்து மூன்று மழைக்காலம் முடிந்திருக்கிறது. இதற்கு மேல் எண் வேண்டுமென்பவர்கள் பாலத்தைப் போய்க் கேட்கட்டும்.

எனக்கு எழுத்து தெரியாது. கையெழுத்து கேட்டால் வரைவேன், அவ்வளவுதான். மகள் ஃபோனில் ஒரு பொத்தானைக் காட்டி, "இதை அமுக்கிட்டுப் பேசுப்பா. அதுவே எழுதிக்கும், தேதியும் அதுவே போட்டுக்கும்" என்றாள். வீட்டில் பேசுவதுபோலப் பேசினால் தாறுமாறாக எழுதுகிறதாம். அதனால் வானொலிச் செய்தி வாசிப்பவரைப்போலப் பேசுகிறேன். மாட்டு அறுப்புக்கூடத்தில் முப்பத்தெட்டு வருஷம் தலைக்கு மேல் வானொலி ஓடியது. அந்தத் தமிழ் எனக்கு வரும். கோபம் வந்தால் போய்விடும்.

சர்க்கரை டாக்டரம்மாதான் கேட்டார். என்ன தின்றேன், எத்தனை மணிக்குத் தின்றேன், எத்தனை மணிக்கு வாந்தி எடுத்தேன் — எல்லாம் வேண்டுமாம். சர்க்கரை வந்து இருபத்திரண்டு வருஷம். ஊசி ஒன்பது வருஷமாக, மூன்று வேளை, சாப்பாட்டுக்கு முன். கால் போன வருஷமே மரத்துவிட்டது. செருப்பில் ஏறிய ஆணியோடு ஒரு நாள் முழுக்க நடந்திருக்கிறேன். இப்போது வயிறு.

வீட்டில் மூன்று பேர். மகள் பேருந்து நிலையத்தில் டிக்கெட் ஜன்னலில் உட்கார்கிறாள். மாப்பிள்ளை மோட்டார் தொழிற்சாலை கேன்டீனில் சமையல்காரர். விடியுமுன் போய் பதினோரு மணிக்குத் திரும்பிவிடுவார். எனக்கு மதியச் சோறு அவர் கையால்தான்.

இன்று: காலை ரொட்டி, அவித்த முட்டை. மதியம் சோறு, பருப்பு, தக்காளி. நாலு வாயிலேயே கழுத்துவரை நிறைந்துவிட்டது. சாயங்காலம் ஆறு மணிக்கு எல்லாம் வெளியே. காலையில் தின்ற முட்டையின் வெள்ளை அப்படியே வந்தது, பல் தடத்தோடு.

மார்ச் 5, வியாழன்

நேற்று மதியத் தக்காளியின் தோல் இன்று காலை பதினோரு மணிக்கு வந்தது. சுருட்டி வைத்த சிவப்புக் காகிதம் மாதிரி. இருபத்திரண்டு மணி நேரம். எங்கே இருந்தாய் இவ்வளவு நேரம்?

மார்ச் 8, ஞாயிறு

வயிறு என்றால் என்ன என்று எனக்கு யாரும் பாடம் நடத்த வேண்டாம். கூடத்தில் என் இடம் குடல் மேஜை. நாலு பேர் நின்றோம். நெட்டை, ஊமை, பீடி, நான். நெட்டை வயிற்றைக் கிழிப்பான். ஊமை இரண்டு கையையும் தோள்வரை விட்டு உள்ளிருப்பதை மேஜைக்கு இழுப்பான். அவன் ஊமை இல்லை, பேசமாட்டான், அவ்வளவுதான். பீடி குடலைப் பிரிப்பான். இரைப்பையை அறுத்து, கொட்டி, கழுவுவது நான். ஒரு நாளைக்கு அறுபது வயிறு.

மாட்டின் தலை ஒரு மூலையில் கண் திறந்து கிடக்கும். தோல் தனியாகப் போயிருக்கும். ஆனால் இரைப்பை மேஜைமேல் கிடந்து அசைந்துகொண்டே இருக்கும். சுருங்கும், விரியும், அரைக்கும். முதலாளி செத்தது தெரியாமல் கடையைத் திறந்து வைத்திருக்கும் வேலைக்காரன் மாதிரி. கை வைத்தால் உள்ளங்கையைத் தள்ளும். அப்படித் தள்ளாத வயிற்றை முப்பத்தெட்டு வருஷத்தில் ஒரே ஒரு தடவைதான் பார்த்தேன். தீனி கொட்டிய மேனிக்கு அழுகாமல், அரைபடாமல், கல்லாகக் கிடந்தது. விஷம் என்றார்கள். விஷம் விழுந்த வயிறு நின்றுபோகும், அது கூடத்தில் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி.

இன்று என் வயிற்றின்மேல் கை வைத்து அரை மணி படுத்திருந்தேன். அது என் கையைத் தள்ளவில்லை.

என் சோற்றைச் சமைப்பது யார்?

மார்ச் 11, புதன்

இன்று கேட்டுவிட்டேன்.

மாப்பிள்ளை தட்டை வைத்தான். கிளறிப் பார்த்தேன். "என்ன போட்டீங்க இதுல?" என்றேன்.

"உப்பு போட்டேன் மாமா. கொஞ்சம் பாசம் போட்டேன். ரெண்டுமே உங்களுக்கு ஆகாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காங்க."

"பல்லைக் காட்டாதே. வேற என்ன?"

சிரிப்பு நின்றது. "வேற என்ன போடணும்?"

"நான் போயிட்டா முன்னறை உனக்குத்தானே."

"அந்த அறையில மழைன்னா நாலு பாத்திரம் வெக்கணும். அதுக்காக ஒருத்தரைக் கொல்லுவாங்களா மாமா? ஓட்டைக் கூரைக்கு?"

தட்டைத் தூக்கி அவன்மேல் எறிந்தேன். குறி தப்பவில்லை. பருப்பு காதில் வழிந்தது. துடைத்துக்கொண்டு, தரையையும் துடைத்துவிட்டு, வேறு தட்டில் மறுபடி போட்டு வைத்தான். குற்றம் இல்லாதவனுக்கு இவ்வளவு பொறுமை எதற்கு?

மார்ச் 14, சனி

மூன்று நாளாகப் பாதிச் சோற்றைப் பக்கத்து வீட்டுப் பூனைக்கு வைத்துப் பார்க்கிறேன். பூனை கொழுத்துவிட்டது. இப்போது மதியமானால் வாசலில் வந்து உட்கார்ந்து என்னைக் கடன்காரன் மாதிரி முறைக்கிறது.

அப்படியானால் கொஞ்சம் கொஞ்சமாகக் கொல்லும் சாமான். பூனைக்குப் பிடிக்காது, சர்க்கரைக்காரனுக்குப் பிடிக்கும். இருக்கலாம்தானே?

எடை ஆறு கிலோ குறைந்திருக்கிறது. இடுப்புவாரில் மூன்றாவது ஓட்டை போட்டேன்.

மார்ச் 16, திங்கள்

அந்த நின்றுபோன வயிற்றைப் பற்றிச் சொல்கிறேன். நாற்பத்தோரு வருஷம் ஆகிறது. ரயில்காரர்கள் நாற்பது நாள் வேலைநிறுத்தம் செய்து, இரண்டு அமைச்சர்களின் பதவி போய், எங்கள் கூடத்துக்கு முதல் குளிர் அறை வந்த வருஷம். மகளுக்கு அப்போது பத்து மாதம்.

கூடத்துக் குத்தகைக்காரரின் பெரிய காளை பட்டியில் நின்ற நிலையில் செத்து விழுந்தது. அந்த வாரம் பட்டிக்குத் தீனி போடும் முறை பீடிக்கு. அதற்கு முந்தின வாரம்தான் பீடிக்கும் குத்தகைக்காரருக்கும் வாய்ச்சண்டை. காளையை இழுத்து வந்து திறந்தோம். இரைப்பை நிறைய வைக்கோல், ஐந்து நாள் வைக்கோல், ஒரு தாள்கூட அரைபடவில்லை. "விஷம்" என்றார் குத்தகைக்காரர். நாங்கள் பீடியைப் பார்த்தோம்.

நெட்டை அவனை இடுப்புவாரோடு கொக்கியில் மாட்டி, தலைக்கு மேலே மாடு தொங்கும் தண்டவாளத்தில் ஏற்றினான். கால் தரையில் படவில்லை. ஊமை தண்ணீர்க் குழாயால் அடித்தான். இரப்பர் குழாய், ஈரமானது, ஒவ்வொரு அடிக்கும் தோல் பிய்ந்து வந்தது. ஆனால் முதல் அடி என்னுடையது. பீடி கத்தினான், "எம் பொண்டாட்டிமேல ஆணை, நான் எதுவும் போடல, நீயாவது சொல்லேன்" என்று — என்னைப் பார்த்துத்தான் சொன்னான். என் கையில் கத்தி தீட்டும் இரும்பு இருந்தது. வீசினேன். இடது கண்ணில் பட்டது. முட்டை உடைகிற சத்தம் கேட்டது. அது கேட்டிருக்கக் கூடாத சத்தம். நாற்பத்தோரு வருஷமாக ஒவ்வொரு முட்டையிலும் கேட்கிறது.

எனக்கு மறதி என்பதே கிடையாது. பீடி அன்று போட்டிருந்த சட்டையின் இரண்டாவது பொத்தான் மட்டும் வேறு நிறம். அதையும் சொல்வேன்.

இன்று மதியம் தின்றது: கஞ்சி. இன்னும் உள்ளே இருக்கிறது. குலுக்கினால் தளும்புகிறது.

மார்ச் 19, வியாழன்

பழைய தோலுரிக்கும் கத்தியைத் தேடி எடுத்தேன். அரை மணி தீட்டினேன். மெத்தைக்கு அடியில்.

மார்ச் 22, ஞாயிறு

ஆஸ்பத்திரி. எனக்கு எதுவும் தெரியாது. எதுவுமே தெரியாதுன்னு சொல்றேன், எவனும் நம்ப மாட்டேங்கிறான்.

வெள்ளிக்கிழமை. பன்னிரண்டரைக்கு ஊசி போட்டேன். ஒரு மணிக்குச் சோறு, பருப்பு, முட்டை. அவன் எதிரில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தான். ஜன்னலில் பூனை. அது வரைக்கும் தெளிவு. அதுக்கப்புறம் வெளிச்சம் மஞ்சளாச்சு. சட்டை நனைஞ்சது, வேர்வை. அதுக்கப்புறம் — ஒண்ணுமில்லை. வெட்டி எடுத்த மாதிரி. எனக்கு! முப்பத்தெட்டு வருஷத்தில் எந்த நாள் எத்தனை மாடு என்று கேட்டால் சொல்லுகிற எனக்கு!

கண்ணை முழித்தால் கையில் குழாய், மேலே தண்ணீர்ப் பை, ஒரு நர்ஸம்மா என் கன்னத்தைத் தட்டுகிறார். "தாத்தா, உங்க பேர் என்ன?" என்கிறார். வாயெல்லாம் ரத்தமும் சர்க்கரையும். ரத்தம் என்னுடையது இல்லை.

மகள் சொன்னாள். நின்றுகொண்டே சொன்னாள், உட்காரவில்லை. பக்கத்து வீட்டார் பார்த்ததையும் மாப்பிள்ளை சொன்னதையும் சேர்த்துச் சொன்னாள். நான் மெத்தைக்கு அடியிலிருந்து கத்தியை உருவிக்கொண்டு எழுந்தேனாம். "பீடி, ஒத்துக்கடா" என்று கத்தினேனாம். அவர் கையை நீட்டித் தடுத்தார். மணிக்கட்டிலிருந்து முழங்கைவரை திறந்துவிட்டேன். வலது கை. சமையல்காரனின் வலது கை. சுவரெல்லாம் ரத்தம் அடித்திருக்கிறது. அப்புறமும் விடாமல் வெட்டியிருக்கிறேன் — தோளில் ஒன்று, கதவில் மூன்று.

"வேர்வையைப் பார்த்ததும் அவருக்குத் தெரிஞ்சு போச்சுப்பா, உனக்குச் சர்க்கரை இறங்கிடுச்சுன்னு. கை தொங்குது. அந்தக் கையோட உன்மேல ஏறி உக்காந்து, இடது கையால உன் தாடையைப் பிடிச்சுச் சர்க்கரையை ஈறுல தேய்ச்சிருக்கார். நீ அந்த விரலையும் கடிச்சிருக்கே."

சர்க்கரை முப்பத்தொன்று இருந்ததாம். அவ்வளவு கீழே போனால் மனிதன் மனிதனாக இருக்க மாட்டானாம்.

கத்தி மெத்தைக்கு அடியில் எப்படி வந்தது என்று அவள் கேட்கவில்லை. தீட்டிய அன்றைக்குச் சர்க்கரை சரியாகத்தான் இருந்தது, வியாழக்கிழமை. நூற்று எண்பது. நான் மனிதனாகத்தான் இருந்தேன்.

மார்ச் 24, செவ்வாய்

போலீஸ்காரர் வந்தார். வெட்டுக்காயம் என்றால் ஆஸ்பத்திரியே சொல்லிவிடுமாம். மாப்பிள்ளை கட்டுப்போட்ட கையை நெஞ்சில் தொங்கவிட்டு என் கட்டில் ஓரம் நின்றார். விரல் நுனிகள் கறுத்திருந்தன.

"யார் வெட்டினது?"

"சமையல்காரன் கையில கத்தி படறது அதிசயமா சார்?"

"தோள்லயும் பட்டிருக்கே. தோளாலயா சமைக்கிறே?"

"அவசரத்துல பட்டுது."

போலீஸ்காரர் என்னைப் பார்த்தார், நோட்டைப் பார்த்தார், மூடினார். அவர் போன பிறகு மாப்பிள்ளை என் பக்கம் திரும்பவே இல்லை. மகளிடம்தான் சொன்னார், எனக்குக் கேட்கிற மாதிரி.

"கேஸ் வேண்டாம். ஆனா இவர் இருக்கிற வீட்டுல நான் தூங்க மாட்டேன். சர்க்கரை இறங்கித்தான் வெட்டினார், ஒத்துக்கிறேன். சர்க்கரை இறங்கினா கத்தி தானா தீட்டிக்குமா? நீயே முடிவு பண்ணு, அவரா நானான்னு."

மகள் என் கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

மார்ச் 26, வியாழன்

தொண்டை வழியாகக் கேமராவை விட்டார்கள். முந்தின நாள் மாலையிலிருந்து பதினாறு மணி நேரம் பச்சைத் தண்ணீர்கூட இல்லை. அப்படியும் உள்ளே சோறு. புதன்கிழமைச் சோறு. டாக்டரம்மா திரையில் காட்டினார். வெள்ளை வெள்ளையாக, குட்டையில் கொட்டின மாதிரி. புண் இல்லை, கட்டி இல்லை, அடைப்பு இல்லை.

"விஷம்?" என்றேன்.

"ரத்தத்துல, வயித்துல எல்லாம் பார்த்தாச்சு. விஷம் உங்க உடம்புல இல்லை."

என் உடம்பில் இல்லை என்றார். வேறு எங்கே என்று சொல்லவில்லை.

அவர் கையில் காகிதக் கத்தை. நான் பேசியதையெல்லாம் மகள் அச்சடித்துக் கொடுத்திருக்கிறாள். சிவப்புக் கோடு போட்டிருந்த ஒரு வரியை டாக்டரம்மா படித்துக் காட்டினார்: தக்காளித் தோல், இருபத்திரண்டு மணி நேரம். "இந்த ஒரு வரி போதும் எனக்கு. நிறைய பேர் 'வாந்தி வந்துச்சு'ன்னு மட்டும்தான் சொல்வாங்க" என்றார். பிறகு விளக்கினார். மூளையிலிருந்து கழுத்து வழியாக வயிற்றுக்கு ஒரு நரம்பு இறங்குகிறது. அதுதான் வயிற்றுக்கு அரை, தள்ளு என்று சொல்கிற நரம்பு. வருஷக்கணக்காகச் சர்க்கரை ஏறி ஏறி அந்த நரம்பை அரித்துவிட்டது, காலை மரக்கவைத்த அதே அரிப்பு.

"ஊசி நேரத்துக்கு வேலை செஞ்சுடுது. சோறு நேரத்துக்கு இறங்கல. ரத்தத்துல இருக்கிற சர்க்கரையை ஊசி காலி பண்ணிடுது, புதுசா வர வேண்டியது வயித்துலயே உக்காந்திருக்கு. அன்னிக்கு நடந்தது அதுதான்."

நான் அவரிடம் கேட்டேன். "டாக்டரம்மா, அந்த நரம்பு சர்க்கரையால மட்டும்தான் கெடுமா? ஒரு கம்பி குத்தினா?"

"கம்பியா? யாருக்கு?"

"மாட்டுக்கு."

அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். "நான் மாட்டு டாக்டர் இல்லை. ஆனா அந்த நரம்புல அடி பட்டா வயிறு நிக்கும். எந்த வயிறா இருந்தாலும் நிக்கும்."

வெளியே மகள் சொன்னாள்: "முந்தியே எடுத்துப் படிச்சிருக்கணும்ப்பா. அப்பா தனக்குத்தானே பேசிக்கிறதை மக படிக்கக் கூடாதுன்னு நெனச்சிட்டேன்."

மார்ச் 27, வெள்ளி

இனிமேல் பேசினால் மகள் படிப்பாள். படிக்கட்டும்.

பீடியை இறக்கி வண்டியில் போட்டு அனுப்பின பிறகு, கூடத்தில் எல்லோரும் கை கழுவப் போய்விட்டார்கள். காளையின் வயிறு மேஜைமேல் பாதியில் கிடந்தது. வேலையைப் பாதியில் விட்டு எனக்குப் பழக்கமில்லை. பெரிய பையைக் கொட்டிக் கழுவினேன். அதற்கு முன்னால் சின்னதாக ஒரு பை உண்டு, உள்ளே தேன்கூடு மாதிரி அறை அறையாக இருக்கும். அதற்குள் கை விட்டேன். உள்ளங்கையில் குத்தியது.

வைக்கோல் கட்டுகிற கம்பி. என் நடுவிரல் நீளம். பையின் சுவரைத் துளைத்து வெளியே போயிருந்தது. சுற்றிலும் சீழ். தீனியோடு விழுங்கியிருக்கிறது காளை, எந்தக் காளையும் விழுங்கும். விஷமும் இல்லை, பீடியும் இல்லை. ஒரு கம்பி.

கூடத்துக்கு வெளியே நெட்டை சிரிக்கிற சத்தம் கேட்டது. என் கையில் பீடியின் ரத்தமும் காளையின் சீழும் ஒன்றாக இருந்தன. கம்பியைத் துடைத்துச் சட்டைப் பையில் போட்டேன். ஒருத்தரிடமும் சொல்லவில்லை. சொன்னால் என்ன ஆகும்? கண் திரும்பி வருமா? — இதைத்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பொய். சொன்னால் முதல் அடி யாருடையது என்று கேட்பார்கள், அதுதான் பயம். பீடி வேலையை இழந்து, விஷக்காரன் என்ற பெயரோடு ஊரைவிட்டுப் போனான். என் மனைவிக்கு மட்டும் தெரியும். சட்டை துவைக்கும்போது கம்பியைக் கண்டுபிடித்து, என்னவென்று கேட்டாள். சொன்னேன். அதற்கப்புறம் அந்தச் செத்த மாட்டைப் பற்றி நான் பேச ஆரம்பித்தாலே அவள் எழுந்து போய்விடுவாள்.

கம்பி இன்னும் இருக்கிறது. என் முகச்சவரப் பெட்டியில்.

நாற்பத்தோரு வருஷம் அதைச் சட்டைப் பையிலும் பெட்டியிலும் வைத்திருந்தவனுக்கு, நின்றுபோன வயிறு என்றால் விஷம் என்றுதான் முதலில் தோன்றியது. கம்பி என்று தோன்றவில்லை. ஏன்? யாராவது ஒருத்தன் தலையில் பழியைப் போட்டால்தான் எனக்கு நிம்மதியா?

ஏப்ரல் 2, வியாழன்

வீடு. மாப்பிள்ளை அவருடைய அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டார். அண்ணன் டயர் கடை வைத்திருக்கிறார், மாடியில் ஒரு அறை. கேன்டீனில் வேறு ஆளைப் போட்டுவிட்டார்கள். அவருக்குச் சுண்டு விரலும் அதற்கடுத்ததும் மடங்கவில்லை.

என் வயிறு சரியாகாது, சமாளிக்கலாம் என்றார் டாக்டரம்மா. நாளைக்கு ஆறு தடவை, கால் கிண்ணம், எல்லாம் குழைத்து. தோல், நார், கொழுப்பு எதுவும் கூடாது. அரை மணி முன்னால் ஒரு மாத்திரை. ஊசி அளவைக் குறைத்து, தின்ற பிறகு, அளந்து பார்த்துவிட்டுத்தான். தின்றதும் படுக்கக் கூடாது, நடக்க வேண்டும். மகள் ஜன்னல் வேலைக்கு விடுப்புப் போட்டுவிட்டுக் குழைக்கிறாள். அவளுக்குச் சமைக்கவே வராது. ஒட்டுகிற பசை மாதிரி இருக்கிறது. ஆனால் இறங்குகிறது.

இரண்டு நாளாக வாந்தி இல்லை. அவள் என்னோடு பேசவும் இல்லை. சுவரில் பழுப்பாகத் தெறித்திருப்பதைத் தேய்த்துக்கொண்டே இருக்கிறாள்.

ஏப்ரல் 9, வியாழன்

காலை பத்து மணிக் கிண்ணத்தை முடித்துவிட்டு டயர் கடைக்கு நடந்தேன். மரத்த காலோடு முக்கால் மணி. கத்தியைத் துணியில் சுற்றி எடுத்துப்போனேன்.

மாடிப்படி ஏறினேன். கதவைத் திறந்தவர் முதலில் பார்த்தது என் கையிலிருந்ததைத்தான். ஒரு அடி பின்னால் போனார். என் மாப்பிள்ளை என்னைப் பார்த்துப் பின்னால் போனார். அதைப் பார்க்கத்தான் இந்த வயதுவரை இருந்தேன் போலிருக்கிறது.

"இது உங்ககிட்ட இருக்கட்டும் மாப்பிள்ளை. நான் இனிமே வீட்டுல இருக்கப்போறதில்ல. கூடத்துக்குப் பின்னாடி பழைய ஆளுங்க தங்குற கொட்டகை இருக்கு. நீங்க வீட்டுக்குப் போங்க."

"கொட்டகையில உங்களுக்கு யார் கஞ்சி காய்ச்சுவா? காளை மாடா?"

"நான் தீட்டித்தான் வச்சேன். வியாழக்கிழமையே. சர்க்கரை நூத்தி எண்பது. உங்களைக் குத்தணும்னுதான் வச்சேன். அதைச் சொல்லத்தான் வந்தேன்."

அறைந்தார். இடது கையால், கை முழுக்க வீசி. சுவரில் மோதி உட்கார்ந்தேன். கீழே டயர்க்காரர்கள் சுத்தியலை நிறுத்திவிட்டார்கள். மறுபடி சட்டையைப் பிடித்துத் தூக்கினார், அடுத்தது விழும் என்று கண்ணை மூடினேன். விழவில்லை. என் நெற்றியைத் தொட்டார்.

"வேர்க்குது. ஊசி எப்போ போட்டீங்க? என்ன தின்னீங்க? அண்ணே, சக்கரை! சக்கரை எங்க வச்சிருக்கீங்க?"

"சர்க்கரை இறங்கல மாப்பிள்ளை. நீங்க அடிச்சீங்க, அதுல வேர்க்குது."

நம்பவில்லை. என் சட்டைப் பையிலிருந்த கருவியை எடுத்து, விரலில் குத்தி அளந்து பார்த்தார். நூற்று நாற்பது. கருவியை மேஜையில் போட்டுவிட்டுத் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். அழுதாரா சிரித்தாரா தெரியாது. தோள் குலுங்கியது. எனக்கு ஒரு பல் ஆடியது. அது நியாயமான அறை. ஒரு பல் போனால் என்ன, எல்லாம் குழைத்துத்தானே தின்கிறேன்.

ஏப்ரல் 13, திங்கள்

மாப்பிள்ளை நேற்று வந்துவிட்டார். தோளில் பை, வாசலில் செருப்பு. நேரே அடுப்படிக்குப் போய், மகள் குழைத்து வைத்திருந்ததை ஒரு வாய் வைத்துப் பார்த்து, "இதைத் தின்னா நரம்பு நல்லா இருக்கிறவனுக்கே வாந்தி வரும்" என்றார். இடது கையால் கிண்டினார். நான் படுக்கும் முன்னறைக்குப் போகும் கதவில் தங்கள் பக்கமாகத் தாழ்ப்பாள் வைத்துக்கொண்டார். வைத்துக்கொள்ளட்டும். கத்தி டயர் கடையிலேயே இருக்கிறதாம், டியூப் அறுக்க நன்றாக இருக்கிறதாம்.

இன்று மகள் மறுபடி வேலைக்குப் போனாள். மாலை வந்ததும் என் எதிரில் உட்கார்ந்தாள். உட்கார்ந்து பேசுவது இந்த மாதத்தில் முதல் தடவை.

"ஒத்தைக் கண் பெரியவர் ஒருத்தர் வாரா வாரம் எங்கிட்ட டிக்கெட் வாங்குவார்ப்பா. இடது கண் இல்லை. இங்க கண் ஆஸ்பத்திரிக்கு வந்து, மிச்சக் கண்ணுக்கு மருந்து வாங்கிட்டு ஊருக்குத் திரும்புவார். ஆறு வருஷமா வர்றார். இன்னிக்குக் கேட்டேன், முன்னாடி எங்க வேலை பார்த்தீங்கன்னு."

நான் கிண்ணத்தைக் கீழே வைத்தேன்.

"அறுப்புக்கூடம்னு சொன்னாரு. வீடு எங்கன்னும் கேட்டேன், உப்பளத்து நிறுத்தத்துல இறங்கி ரெண்டாவது சந்து. உன் பேரைச் சொல்லல. நீ சொல்லிக்கோ."

ஆறு வருஷமாக என் மகளின் கையிலிருந்து டிக்கெட் வாங்கியிருக்கிறான்.

ஏப்ரல் 16, வியாழன்

பத்தே கால் பேருந்து, உப்பளத்து நிறுத்தத்துக்கு. மாப்பிள்ளையும் வருகிறார். போக இரண்டு மணி நேரம், வர இரண்டு மணி நேரம், அதற்குச் சின்னச் சின்னதாக நாலு டப்பா கட்டிவிட்டார், மூடியில் எதை எப்போது தின்பது என்று எழுதி ஒட்டியிருக்கிறார். எனக்குப் படிக்க வராது என்று சொன்னதும், மூடியில் கீறல் போட்டார் — ஒரு கீறல், இரண்டு கீறல், மூன்று, நாலு. மடங்காத விரல்களோடு அந்தக் கையாலேயே போட்டார். கீறல்கள் கோணலாக இருக்கின்றன.

"அவர் உங்களை அடிச்சா நான் தடுக்க மாட்டேன் மாமா. இப்பவே சொல்லிட்டேன்."

"தடுக்காதீங்க."

"சாப்பிட்டு அரை மணி ஆகலேன்னா மட்டும் தடுப்பேன். வயித்துல அடிக்கக் கூடாதும்பேன்."

கம்பி சட்டைப் பையில் இருக்கிறது. நெஞ்சில் லேசாகக் குத்துகிறது. அந்த இடத்தில் மட்டும் எனக்கு இன்னும் மரக்கவில்லை.

அன்று கூடத்தில் இருந்தவர்களை வரிசையாக எண்ணிப் பார்த்தேன். நெட்டை செத்தது குளிர் அறையின் கதவு விழுந்து, அந்த இடத்திலேயே. குத்தகைக்காரர், படுக்கையில், மூன்று வருஷம் இழுத்துக்கொண்டு. ஊமை, கல்லீரல் போய். கடைசி வாரத்தில் ஓயாமல் பேசினானாம், என்ன பேசினான் என்று கேட்க நான் போகவில்லை. வண்டியோட்டி போய்விட்டான். வானொலியைத் திருகிவிடும் காவலாளி போய்விட்டான். கூடத்தில் இல்லாமலே எல்லாம் தெரிந்திருந்த என் மனைவியும் போய்விட்டாள்.

என்னை விட்டால், அந்த நாளின் ஆட்களில் இன்னும் உயிரோடு இருப்பது பீடி மட்டும்.